யாழ்ப்பாணத்தில் தேசிய திறந்த சதுரங்கப் போட்டி: முதல் தடவை நடத்துவோருக்கும் பார்க்க வருவோருக்கும்

யாழ்ப்பாணத்தில் சதுரங்கம் விளையாடும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாடசாலைக் கழகங்கள், சனி ஞாயிறு வகுப்புகள், மாவட்ட மட்டப் போட்டிகள் எல்லாம் நடக்கின்றன. ஆனால் சர்வதேச ரேட்டிங் (வீரரின் பலத்தைக் காட்டும் எண்) கணக்கில் சேரும் போட்டி என்றால் பெரும்பாலும் இரவு பஸ் ஏறி, ஏ9 வீதியால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் போய், கொழும்பில் தங்கி விளையாட வேண்டியிருக்கிறது. கூடப் போகும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ லீவு வேண்டும், தங்குமிடக் காசு வேண்டும், சாப்பாட்டுச் செலவு வேறு. இந்தப் பாரத்தை ஒரு வருடம் தாங்கும் குடும்பம் அடுத்த வருடம் யோசிக்கும். தேசிய திறந்த போட்டி ஒன்றை இங்கேயே நடத்தினால் அந்தப் பயணத்தை ஒரு தடவையாவது மற்றப் பக்கம் திருப்பிவிடலாம்: கொழும்பு, கண்டி, மட்டக்களப்பு, காலியில் இருந்து பலமான வீரர்கள் இங்கே வருவார்கள், எங்கள் பிள்ளைகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து அவர்களோடு விளையாடுவார்கள்.

திறந்த போட்டி என்றால் வயது, பட்டம், ரேட்டிங் எதுவும் தடை இல்லை. சர்வதேச மாஸ்டரும் போன வருடம் விளையாடப் பழகிய பத்து வயதுப் பிள்ளையும் ஒரே பட்டியலில் இருப்பார்கள்.

நடத்துவதைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டிகளில் வரும் தகராறுகளின் வேரைத் தேடிப் போனால், அறிவித்தலில் எழுதாமல் விட்ட ஒரு வரிதான் பெரும்பாலும் அகப்படும். மண்டபம் சின்னதாக இருக்கலாம், பரிசு குறைவாக இருக்கலாம், அதை யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். சொல்லாத விதியை இடையில் கொண்டுவந்தால் மட்டும் மன்னிக்கமாட்டார்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் கடைசியில் அந்த அறிவித்தலில்தான் போய்ச் சேரும்.

முதல் படி: எந்த வகைப் போட்டி?

சதுரங்கத்தின் உலகச் சம்மேளனமான ஃபிடே மூன்று தனித்தனி ரேட்டிங் வைத்திருக்கிறது: மரபு முறை, விரைவு முறை, மின்னல் முறை. மரபு முறையில் பரவலாகப் பயன்படும் நேரம், ஒருவருக்கு 90 நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 செக்கன் கூடுதலும். 60 நகர்த்தல் போனால் ஒருவருக்கு 2 மணித்தியாலம், இருவருக்கும் 4 மணித்தியாலம். ஆகவே ஒரு நாளில் இரண்டு சுற்றுக்கு மேல் வைக்க நினைக்காதீர்கள். 7 சுற்று என்றால் குறைந்தது 4 நாள், 9 சுற்று என்றால் குறைந்தது 5 நாள்.

விரைவு முறையில் 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 செக்கனும் கொடுத்தால் ஒரு ஆட்டம் ஏறக்குறைய 50 நிமிடத்தில் முடியும். 7 சுற்றை ஒரே நாளில் முடிக்கலாம். இதுவரை போட்டி நடத்தாத கழகம் முதலில் ஒரு நாள் விரைவுப் போட்டியை நடத்திப் பார்ப்பதே நல்லது என்பேன். மேசை எங்கே இடிக்கிறது, முடிவுத் தாள் எங்கே தொலைகிறது, பெற்றோர் எங்கே கூடுகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். பிறகு பெரியதைத் தொடலாம்.

சுற்று எத்தனை என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. திறந்த போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கின்றன. 1895இல் சூரிச்சில் முதலில் பயன்பட்டது என்பதால் அந்தப் பெயர். யாரும் வெளியேற்றப்படுவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறையச் சம புள்ளி உள்ளவர்கள் மோதுவார்கள். எல்லா ஆட்டத்தையும் வென்றவர்களின் தொகை சுற்றுக்குச் சுற்று பாதியாகும்: 128 பேர் 64 ஆகி, 32 ஆகி, ஏழாவது சுற்று முடிய ஒருவர் மிஞ்சுவார். சமநிலைகள் வரும்போது இது கொஞ்சம் ஆடும் என்றாலும், 128 பேருக்குள் என்றால் 7 சுற்று போதும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கூடினால் 9.

இரண்டாம் படி: நாள் பார்ப்பது

மற்ற ஊர்களில் இது அரை மணி நேர வேலையாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் இதற்கென்று ஒரு மாலை முழுக்க உட்கார வேண்டும்.

முதலில் பரீட்சைகள். புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் மூன்றும் அண்மைய வருடங்களில் மாதம் மாறி மாறி வந்திருக்கின்றன. பழைய ஞாபகத்தை நம்பாமல் பரீட்சைத் திணைக்களத்தின் அந்த வருட அட்டவணையை எடுத்துப் பாருங்கள். பரீட்சை நடக்கும் கிழமை மட்டுமல்ல, அதற்கு முந்தின மாதத்திலும் அந்த வகுப்புப் பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகள்தான் கையில் இருப்பவை. முஸ்லிம் பாடசாலைகளின் தவணை வேறாக இருக்கும், அதையும் பாருங்கள். போட்டி வெள்ளிக்கிழமையைத் தொட்டால் ஜும்ஆ தொழுகைக்கு நேரம் விட்டுச் சுற்றுகளை அமையுங்கள். தேசியப் போட்டி என்று பெயர் வைத்தபிறகு இது எங்கள் கடமை.

ஓகஸ்ட் என்றவுடன் நல்லூர்த் திருவிழா வந்துவிடும். 25 நாள் திருவிழா. கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும், தங்குமிடங்கள் நிரம்பிவிடும், மண்டபம் கிடைத்தாலும் வெளியூர் ஆட்களுக்கு அறை கிடைக்காது. தேர், தீர்த்தம் நாட்களில் போட்டி வைத்தால் உள்ளூர் ஆட்களே வரமாட்டார்கள். டிசம்பரில் இன்னொரு சிக்கல், மாரி. மழை விடாமல் பிடித்தால் பள்ளமான ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும், மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றி வரும் பெற்றோர் தாமதமாவார்கள். ஏப்ரலில் வெயில். ஆனால் வெயிலுக்கு மின்விசிறி இருக்கிறது, அதனால் எனக்கு ஏப்ரலின் இரண்டாம் பாதி பிடிக்கும். புத்தாண்டு முடிந்து, பாடசாலை தொடங்குவதற்கு முன்னர்.

வார இறுதியில் வைத்தால் ரியூஷன் வகுப்புகள் குறுக்கே வரும். அந்தப் பிள்ளை ஞாயிறு காலைச் சுற்றைத் தவறவிட்டு மத்தியானம் வந்து நிற்கும். ரியூஷன் ஆசிரியர்களோடு முன்கூட்டியே கதையுங்கள். பல பேர் ஒத்துழைப்பார்கள், யாரும் கேட்காததுதான் குறை.

வெளியூர் ஆட்களுக்காக இன்னொன்று. இரவு பஸ்கள் விடியற்காலையில் யாழ்ப்பாணம் வந்து சேரும். தூக்கமில்லாமல் வந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எட்டரைக்குப் பலகையில் உட்கார வைக்காதீர்கள். முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஒரே ஒரு சுற்று வையுங்கள். கடைசி நாள் கடைசிச் சுற்றைக் காலையிலேயே முடித்து, பரிசளிப்பையும் பின்னேரத்துக்குள் முடியுங்கள். அப்போதுதான் அவர்கள் இரவு பஸ்ஸை ஓடாமல் பிடிப்பார்கள். மரபு முறையில் இப்படி முதல் நாளும் கடைசி நாளும் ஒவ்வொரு சுற்று மட்டும் என்றால், மேலே சொன்ன கணக்கைவிட ஒரு நாள் கூடும். ரயிலில் வருபவர்கள் இருக்கைப் பதிவுக்காக முன்கூட்டியே திகதி கேட்பார்கள், ஆகவே ஒரு தடவை அறிவித்த திகதியை மாற்றாதீர்கள்.

மூன்றாம் படி: மண்டபம்

பாடசாலை மண்டபம்தான் எங்களுக்கு வசதி. அதிபரிடம் கதைத்து, தேவையான அனுமதியை எழுத்தில் எடுங்கள். 120 பேர் என்றால் 60 பலகை. வரிசைகளுக்கு இடையில் நடுவர் நடக்க வேண்டும், விளையாடுபவர் கதிரையைப் பின்னால் இழுத்து எழும்ப வேண்டும். மேசைகளை அடுக்கிப் பார்க்காமல் ‘120 பேர் கொள்ளும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூட்டத்துக்குக் கதிரை போட்ட கணக்கு அது.

மண்டபத்தை நீங்கள் போட்டி வைக்கப்போகும் நேரத்திலேயே போய்ப் பாருங்கள். பின்னேரம் மேற்குப் பக்க யன்னலால் வெயில் எந்த மேசைகளில் விழுகிறது? மின்விசிறி போட்டால் நகர்த்தல்களை எழுதும் குறிப்புத் தாள் பறக்கிறதா? மின்சாரம் நின்றால் பிறப்பாக்கி எங்கே நிற்கும், அதன் சத்தம் உள்ளே வருமா? பக்கத்துக் கோயிலில் அந்தக் கிழமை கொடியேற்றமா? ஒலிபெருக்கி கட்டினால் சதுரங்க மண்டபத்தில் யாராலும் யோசிக்க முடியாது. திருவிழாவை நாங்கள் மாற்ற முடியாது, மண்டபத்தை மாற்றலாம்.

பெற்றோருக்கு வேறாக இடம் வேண்டும். மர நிழலில் பந்தல் போட்டு, தண்ணீர் வைத்து, சுற்று முடிவுகளை ஒட்ட ஒரு பலகையும் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மண்டபக் கதவடியில் கூடி நிற்பது பெரும்பாலும் போக இடம் இல்லாததால்தான். ஆட்டம் முடித்தவர்கள் கூடியிருந்து பகுப்பாய்வு செய்ய ஒரு வகுப்பறையும் ஒதுக்குங்கள், நாலைந்து பலகையோடு. உள்ளூர்ப் பிள்ளை வெளியூர் வீரரிடம் தோற்றபிறகு அவரோடு உட்கார்ந்து பத்து நிமிடம் ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்பதற்குச் சமமான வகுப்பை இங்கே காசு கொடுத்தும் வாங்க முடியாது. எங்கள் பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுவார்கள். பயிற்றுநர்கள்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

நான்காம் படி: சம்மேளனமும் நடுவர்களும்

தேசிய திறந்த போட்டி என்ற பெயரும் ஃபிடே ரேட்டிங்கும் வேண்டுமென்றால் இலங்கைச் சதுரங்கச் சம்மேளனத்தின் ஊடாகத்தான் போக வேண்டும். போட்டி தொடங்குவதற்கு முன்னரே சம்மேளனம் அதை ஃபிடேயில் பதிவு செய்திருக்க வேண்டும். விளையாடி முடித்தபிறகு பதியலாம் என்ற கதைக்கு இடமில்லை. ரேட்டிங் கணிப்புக் கட்டணமும் அவர்கள் ஊடாகவே. ஒவ்வொரு வீரருக்கும் ஃபிடே எண் வேண்டும். அதையும் சம்மேளனமே எடுத்துத் தரும். முதல் தடவை வரும் பிள்ளைகளுக்கு இது இருக்காது, ஆகவே பதிவுப் படிவத்திலேயே பிறந்த திகதி, பெயரின் சரியான ஆங்கில எழுத்துக் கூட்டல் எல்லாம் வாங்கிவிடுங்கள். ஒரே பிள்ளையின் பெயர் இரண்டு போட்டியில் இரண்டு விதமாக எழுதப்பட்டு, இரண்டு எண் உருவானால் பிறகு ஒன்றாக்குவது வீண் அலைச்சல்.

தலைமை நடுவரை மண்டபத்துக்கு முன்னரே பிடியுங்கள். உரிமம் உள்ள ஃபிடே நடுவரோ சர்வதேச நடுவரோ கிடைத்தால் அவரிடம் அறிவித்தலின் வரைவைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். என் கணிப்பில் 20, 25 பலகைக்கு ஒரு நடுவர் வேண்டும். சிறு பிள்ளைகள் அதிகம் என்றால் இன்னும் ஒருவர். உள்ளூரில் சதுரங்கம் தெரிந்த ஆசிரியர்களை உதவி நடுவர்களாக நிறுத்தினால் அவர்களுக்கும் அனுபவம் வரும், அடுத்த முறை வெளியில் இருந்து ஆட்களைக் கூப்பிடும் தேவையும் குறையும்.

ஐந்தாம் படி: அறிவித்தல்

இதற்குத்தான் நேரம் செலவழியுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே செய்தி இருக்க வேண்டும். நாள், இடம், சுற்று நேரங்கள், பதிவுக் கட்டணம், கடைசித் திகதி இவற்றை எல்லோரும் எழுதுவார்கள். எழுத மறப்பவைதான் பிறகு கழுத்தைப் பிடிக்கும்.

தாமத நேரம் அதில் முதலாவது. சுற்று தொடங்கி எத்தனை நிமிடத்துக்குள் வராவிட்டால் தோல்வி என்பதைப் போட்டி விதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஃபிடே விதிப்படி அது பூச்சியம், அதாவது தொடக்க நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்தாலும் ஆட்டம் போய்விடும். சாவகச்சேரியில் பஸ் நின்றதற்காக ஒரு பிள்ளை தோற்க வேண்டுமா? 30 நிமிடம் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

அடுத்தது கைத்தொலைபேசி. விளையாடும் பகுதிக்குள் வீரரிடம் போன் இருந்தால் ஆட்டம் எதிராளிக்கு. முழுமையாக அணைத்துப் பைக்குள் வைத்திருக்கலாம் என்று போட்டி விதி அனுமதிக்கலாம், அனுமதித்தால் அதை எழுத வேண்டும். எனக்கு வாசலில் எண் போட்ட சீட்டோடு போனை வாங்கி வைப்பதே பிடிக்கும். அதற்குப் பொறுப்பான ஒருவரை நாள் முழுக்க இருத்துங்கள்.

பிறகு சமபுள்ளி முறிப்பு, அதாவது சம புள்ளி எடுத்தவர்களில் யார் முன்னுக்கு என்று தீர்மானிப்பது. எந்த அளவுகோல், எந்த வரிசையில் என்று அப்படியே எழுதுங்கள். பணப்பரிசு சம புள்ளிக்காரர்களுக்குப் பகிரப்படுமா, முறிப்பு வரிசைப்படி கொடுக்கப்படுமா? ஒருவர் இரண்டு பிரிவில் வென்றால் இரண்டும் எடுக்கலாமா, பெரியது மட்டுமா? வயதுப் பிரிவு, பெண்கள், ரேட்டிங் இல்லாதவர்கள், வட மாகாணத்தின் சிறந்த வீரர் என்று பரிசுகள் கூடக்கூட இந்தக் கேள்வி கடுமையாகும். ஒரு சுற்றுக்கு வர முடியாதவர் முன்கூட்டிக் கேட்டால் அரைப் புள்ளி கொடுப்பீர்களா, எந்தச் சுற்று வரை? மேன்முறையீட்டுக் குழுவில் யார் யார்? வெவ்வேறு கழகங்களில் இருந்து மூவர் என்றால் ஒரு பக்கச் சந்தேகம் வராது. முதல் சுற்றுக்கு முன்னரே பெயர்களைச் சுவரில் ஒட்டுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக: பதிவுக் கட்டணத்தைச் சம்மேளனக் கட்டணம், நடுவர் கொடுப்பனவு, மண்டபம் இவற்றுக்கு வைத்து, பரிசை அனுசரணையில் தேடுங்கள். கடைக்காரரிடமும் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களிடமும் போகும்போது விளக்கம் அதிகம் தேவைப்படாது. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததும், 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனதும் இங்கே எல்லோரும் செய்தியில் பார்த்தவை. கையில் காசு வரும் முன்னர் பரிசுத் தொகையை அறிவிக்காதீர்கள். முடிந்ததும் கணக்கைப் பொதுவில் வையுங்கள்.

ஆறாம் படி: பலகை, காய், கடிகாரம்

ராஜாவின் உயரம் 9.5 சென்ரிமீற்றர் அளவில், பலகைக் கட்டம் 5 முதல் 6 சென்ரிமீற்றர். எல்லாப் பலகையும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. ஒவ்வொரு பலகைக்கும் மேலதிக ராணி இரண்டு நிறத்திலும் வேண்டும். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனதும், ராணி கையில் இல்லையென்று கோட்டையைத் தலைகீழாக வைத்துவிட்டு ராணி என்பார்கள். அது கோட்டையாகவே கணக்கிடப்படும். ராணி இல்லாவிட்டால் கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

டிஜிற்றல் கடிகாரங்களை இரவல் வாங்கித்தான் சேர்க்க வேண்டியிருக்கும். 60 பலகைக்குக் குறைந்தது 66 இருக்கட்டும், பற்றரி தனியாக. எந்தக் கடிகாரம் எந்தப் பாடசாலையுடையது என்று ஒட்டுத்தாள் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் நாளில் சங்கடம். முந்தின இரவே எல்லாவற்றிலும் நேரத்தை அமைத்து, முகப்பு ஒரே பக்கம் பார்க்க வையுங்கள். நடுவர் ஒரு வரிசையால் நடந்தாலே எல்லா நேரமும் கண்ணில் படும். பலகை வைக்கும்போது ஒவ்வொருவரின் வலது கை மூலையிலும் வெள்ளைக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்புத் தாள் கார்பன் பிரதி வரும் வகையாக இருந்தால் ஒரு பிரதி உங்களுக்கு, ஒன்று வீரருக்கு.

ஏழாம் படி: சுற்றுகளை ஓட்டுவது

முதல் நாள் வருகைப் பதிவு முடிந்தபிறகே முதல் சுற்று ஜோடியைப் போடுங்கள். காசு கட்டியவர் எல்லோரும் வருவதில்லை. வராதவரைப் பட்டியலில் வைத்து ஜோடி போட்டால், இத்தனை தூரம் வந்த ஒரு பிள்ளை எதிரில் ஆள் இல்லாத கதிரையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

ஜோடியைச் சுவிஸ் மனேஜர் போன்ற மென்பொருள் போடும். அதில் கை வைக்காதீர்கள். ‘ஒரே பாடசாலைப் பிள்ளைகள் இரண்டு பேரை மோத விட்டிட்டீங்களே’ என்று பெற்றோர் வருவார்கள். சுவிஸ் முறை பாடசாலையைப் பார்ப்பதில்லை, புள்ளியையும் நிறத்தையும் முன்னர் மோதினார்களா என்பதையும்தான் பார்க்கும். அமைதியாக இதை விளக்குங்கள். ஒருவருக்காக ஒரு தடவை மாற்றினால் அந்தப் போட்டியின் நேர்மை அங்கேயே முடிந்தது.

முதல் சுற்றுக்கு முன்னர் பத்து நிமிடம் ஒதுக்கி, மூன்று மொழியிலும் முக்கிய விதிகளைச் சொல்லுங்கள். தொட்ட காயை நகர்த்த வேண்டும், சரிசெய்ய வேண்டுமென்றால் தொடும் முன்னர் சொல்ல வேண்டும். நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். கோட்டை கட்டும்போது (ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்த்தலில் இடம்மாற்றும் காஸ்லிங்) ராஜாவை முதலில் தொட வேண்டும். விதிக்குப் புறம்பான நகர்த்தல் முதல் தடவை என்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், அதே ஆள் இரண்டாம் தடவை செய்தால் ஆட்டம் போகும். சமநிலை கேட்பதென்றால் நகர்த்திவிட்டு, கேட்டுவிட்டு, பிறகு கடிகாரத்தை அழுத்த வேண்டும். மரபு முறையில் ஒவ்வொரு நகர்த்தலையும் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் எதிராளியோடு வாதாடாமல் கடிகாரத்தை நிறுத்திக் கையை உயர்த்த வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சிங்களம் தெரியாத எங்கள் பிள்ளைக்கும் தமிழ் தெரியாத வெளியூர்ப் பிள்ளைக்கும் இரண்டு தடவை சொல்லுங்கள். மொழி தெரியாமல் பயத்தில் பேசாமல் தோற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் முடிவை எழுதி ஒப்பமிட்டு நடுவரிடம் கொடுக்க வேண்டும். ஒட்டிய முடிவைத் தங்கள் கண்ணால் பார்த்துவிட்டே வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். பிழையான முடிவு அடுத்த ஜோடி வெளிவந்தபிறகு தெரிந்தால், வழமையாக அந்தச் சுற்றை மாற்றமாட்டார்கள்.

சாப்பாடு: இரண்டு சுற்றுக்கு இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். பார்சல் என்றால் மரக்கறிச் சாப்பாடு எல்லோருக்கும் பொருந்தும், வெள்ளிக்கிழமைக்கும் ஒத்துவரும். வெயில் நாளில் மோர் வையுங்கள்.

பார்க்க வருவோருக்கு

உள்ளே போனால் கதைக்கக்கூடாது, ஒரு பலகையைக் குனிந்து பார்க்கக்கூடாது, முகத்தில் எதையும் காட்டக்கூடாது. ஒரு விதிமீறலைக் கண்டாலும் வீரரிடம் சொல்லாமல் நடுவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். சொந்தப் பிள்ளையின் பலகைக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் படிக்கத் தொடங்கினால் பலகையை விட்டுவிடும்.

வீட்டில் இருந்து பின்தொடர்வதற்கு, நடுவர்கள் ஜோடிகளையும் முடிவுகளையும் செஸ் ரிசல்ட்ஸ் தளத்தில் ஏற்றுவார்கள். இலங்கையைத் தெரிவு செய்து போட்டியைத் திறந்தால் தொடக்க வரிசை, சுற்று ஜோடிகள், நிலவரம் எல்லாம் வரும். வட்ஸ்அப் குழுவில் கேட்டுக்கொண்டிருப்பதைவிட இது நம்பகமானது. குறுக்கு அட்டவணையில் ஒவ்வொரு பெட்டியிலும் முதலில் இருப்பது எதிராளியின் தொடக்க எண், அடுத்து வெள்ளையா கறுப்பா என்று காட்டும் எழுத்து, கடைசியில் எடுத்த புள்ளி.

‘முதல் சுற்றிலேயே எங்கள் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு பெரிய ஆள்?’ ரேட்டிங் வரிசையில் 120 பேரை இரண்டாக வெட்டினால், 1ஆம் ஆள் 61ஆம் ஆளோடும் 2ஆம் ஆள் 62ஆம் ஆளோடும் மோதுவார்கள். அதனால் முதல் சுற்றில் கீழ்ப்பாதி பெரும்பாலும் தோற்கும். இரண்டாம் சுற்றில் தோற்றவர்கள் தங்களுக்குள் மோதுவார்கள், மூன்றாம் நான்காம் சுற்றில்தான் பிள்ளை தன் பலத்துக்குக் கிட்டிய ஆளைச் சந்திக்கும். ஆள் எண்ணிக்கை ஒற்றையானால் ஒருவர் விளையாடாமல் முழுப் புள்ளி பெறுவார், ஒரே ஆளுக்கு அது இரண்டு தடவை வராது.

கடைசி நாளில் பெரிய வாக்குவாதம் புக்கோல்ஸ் பற்றித்தான் வரும். சமபுள்ளி முறிக்கும் அளவுகோல்களில் ஒன்று அது: ஒருவரின் எதிராளிகள் எல்லோரும் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. இருவர் 7 சுற்றில் 6 புள்ளி எடுத்தார்கள் என்று வைப்போம். முதலாமவரின் எதிராளிகள் 5, 5, 4.5, 4, 4, 3.5, 2 எடுத்தார்கள், கூட்டினால் 28. இரண்டாமவரின் எதிராளிகள் 5.5, 5, 4, 4, 3.5, 3, 3, அதுவும் 28. ஆனால் மிகக் குறைந்த ஒன்றைக் கழிக்கும் முறை அறிவித்தலில் இருந்தால் முதலாமவருக்கு 26, இரண்டாமவருக்கு 25. கிண்ணம் முதலாமவருக்கு. இங்கே கவனிக்க வேண்டியது, உங்கள் பிள்ளை விளையாடி முடித்தபிறகும் முன்னர் தோற்கடித்த எதிராளிகளின் ஆட்டங்கள் அவரது இடத்தை மாற்றிக்கொண்டிருக்கும். ஆகவே கடைசிப் பலகை முடியும்வரை இடத்தை அறிவிக்காதீர்கள், கொண்டாடவும் வேண்டாம்.

ரேட்டிங் கணக்கும் தெரிந்திருக்கட்டும். மரபு முறையில் புதியவர்களுக்கும், 2300க்குக் குறைந்த ரேட்டிங் உள்ள 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பெருக்கும் எண் 40. எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்க்கப்படும் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த எண்ணால் பெருக்குவார்கள். 1500 உள்ள பிள்ளை 1700 உள்ளவரோடு மோதினால் எதிர்பார்க்கப்படும் புள்ளி 0.24. வென்றால் 30.4 கூடும், சமநிலை என்றால் 10.4 கூடும், தோற்றால் 9.6தான் குறையும். பெரிய ஆளோடு விளையாடப் பயப்பட வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா? ரேட்டிங் இல்லாதவருக்கு, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் சேர வேண்டும். அவை ஒரே போட்டியில் வரவேண்டியதில்லை. முதல் போட்டியில் ஒரு புள்ளியும் எடுக்காவிட்டால் அந்த ஆட்டங்கள் கணக்கில் வராது. 2024 மார்ச்சில் இருந்து ஆகக் குறைந்த ரேட்டிங் 1400.

நேரடி ஒளிபரப்புக்கு மின்னணுப் பலகை (நகர்த்தல்களைத் தானாகவே கணினிக்கு அனுப்பும் பலகை) இல்லையென்று சோர வேண்டாம். சுற்று முடிந்ததும் கார்பன் பிரதிகளை எடுத்து, பரீட்சை முடித்திருக்கும் நான்கைந்து மாணவர்களை உட்கார வைத்து முதல் பத்துப் பலகைகளின் ஆட்டங்களை லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். இரவில் பயிற்றுநர்கள் அதை வைத்தே பிள்ளைகளோடு கதைப்பார்கள். மின்னணுப் பலகை கிடைத்தால் ஒளிபரப்பை 15 நிமிடமாவது பிந்தி விடுங்கள், வெளியில் கணினி பார்த்து உள்ளே யாரும் சைகை காட்ட வழி இருக்கக்கூடாது.

முடிந்தபிறகு

பரிசளிப்பில் உரைகளைக் குறையுங்கள், பஸ் காத்திருக்காது. அன்றிரவே தலைமை நடுவரோடு இருந்து போட்டி அறிக்கையைச் சரிபார்த்துச் சம்மேளனத்துக்கு அனுப்ப ஒழுங்கு செய்யுங்கள். ஃபிடே பட்டியல் ஒவ்வொரு மாதமும் 1ஆம் திகதி வரும். மாத முடிவில் நடத்திய போட்டி அந்தப் பட்டியலைத் தவறவிட்டு அடுத்ததில் வரலாம், அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டியல் வந்த நாளில் எங்கள் மாவட்டப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பக்கத்தையும் திறந்து, ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்திருக்கின்றனவா, பெயரும் பிறந்த வருடமும் சரியா என்று பாருங்கள். பிழை இருந்தால் குறிப்புத் தாளின் பிரதியையும் ஒப்பமிட்ட முடிவுத் தாளையும் சேர்த்துச் சம்மேளனத்துக்கு உடனே எழுதுங்கள். அதனால் அந்தத் தாள்களைக் குறைந்தது அந்த வருடம் முடியும்வரை ஒரு கோப்பில் பத்திரமாக வைத்திருங்கள்.